பெருக்கி: அரசு போடும் பணம் எத்தனை மடங்காகும்?

பொருளியல் செய்திகளில் 'மல்டிபிளையர்' என்று வருவதற்குத் தமிழ்ப் பாடநூல்கள் தரும் சொல் 'பெருக்கி'. அரசு கூடுதலாக 100 கோடி செலவழித்து, நாட்டின் வருமானம் 150 கோடி கூடினால் பெருக்கி 1.5. 60 கோடி மட்டுமே கூடினால் 0.6. ஆக, இது வெறும் ஓர் எண்.

லத்தீனில் 'மல்ட்டுஸ்' என்றால் பல, 'ப்ளிகாரே' என்றால் மடித்தல். தமிழின் 'மடங்கு' என்ற சொல்லும் மடிப்பிலிருந்து வந்ததுதான். மும்மடங்கு என்பது மூன்று மடிப்பு. அப்படிப் பார்த்தால் 'பன்மடங்காக்கி' என்பதே நேர்ச்சொல். ஆனால் 0.6-ஐப் பன்மடங்கு என்று எப்படிச் சொல்வது? பெருகு என்பது தன்வினை, பெருக்கு பிறவினை. அதனுடன் 'இ' சேர்ந்தால் பெருக்கி. ஒலிபெருக்கி, உருப்பெருக்கி எல்லாம் இதே வார்ப்பு. (வீடு பெருக்குவதை நினைத்துச் சிரிப்பவர்கள் உண்டு. அரசு செலவை வெட்டும் காலத்தில் அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது.)

பொதுப்பணியில் ஒருவருக்கு வேலை கொடுத்தால் அதைத் தொடர்ந்து வெளியே எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று 1931-இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் ரிச்சர்ட் கான் கணக்கிட்டார். அவருடைய ஆசிரியரான பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் அதை 1936-இல் வருமானக் கணக்காக மாற்றி, தம் கோட்பாட்டின் நடுவில் வைத்தார்.

கணக்கு எளிது. வருமானத்தில் 80 விழுக்காட்டை மக்கள் செலவழிக்கிறார்கள் என்று கொள்வோம். அரசின் 100 கோடி யாரோ ஒருவருக்கு வருமானம். அவர் செலவழிக்கும் 80 அடுத்தவருக்கு வருமானம். அடுத்து 64, பிறகு 51.2. எல்லாவற்றையும் கூட்டினால் 500, பெருக்கி 5. மேடைப் பேச்சுகளில் இந்த 5 அடிக்கடி தலைகாட்டும். நடப்பில் ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டை உண்டு. 100-இல் வரி 20 போனால் கையில் 80; அதில் 80 விழுக்காடு செலவு என்றால் 64; அதிலும் கால் பங்கு இறக்குமதிப் பொருளுக்குப் போனால் உள்நாட்டில் சுற்றுவது 48 மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் மீதி 52, அதாவது 0.52 பங்கு, வெளியேறுகிறது. 1-ஐ அந்த 0.52-ஆல் வகுத்தால் பெருக்கி 1.92. அதிலும் முதல் நான்கு சுற்றுகளிலேயே 182 வந்துவிடுகிறது. மீதி எல்லாம் சில்லறை.

நலத்திட்டங்களுக்கு முதல் சுற்று வேறு. பாலம் கட்டினால் 100-உம் உற்பத்தியாகக் கணக்கில் ஏறும். கையில் தரும் உதவித்தொகை அப்படி ஏறாது. வாங்கியவர் செலவழித்த பிறகுதான் கணக்கு தொடங்கும். தொகைக்கு வரியில்லை, செலவில் கால் பங்கு இறக்குமதி என்றே வைத்துக்கொள்வோம். முழுவதையும் செலவழித்தே தீரவேண்டிய ஏழைக்குப் போன 100-இல் உள்நாட்டில் செலவாவது 75; அது 1.92 மடங்காகித் தருவது 144. 40 மட்டும் செலவழித்து மீதியைச் சேமிப்பவருக்குப் போனால் உள்நாட்டில் செலவாவது 30, தருவது 58. ஒரே தொகை, ஒரே திட்டம். பயனாளிப் பட்டியல் மட்டும் வேறு. பட்டியலில் வசதியானவர்கள் நுழைவதால் அறம் மட்டுமல்ல, கணக்கும் கெடுகிறது.

இந்தக் கணக்கு எங்கே பொய்க்கும்? ஆலைகளும் ஆட்களும் சும்மா இருக்கும் காலத்தில்தான் செலவு உற்பத்தியாகும். எல்லோருக்கும் வேலை இருக்கும்போது அதே செலவு விலையை ஏற்றும். அரசு பெருங்கடன் வாங்கி வட்டி உயர்ந்தால் தனியார் முதலீடு பின்வாங்கும். அப்போது பெருக்கி 1-க்குக் கீழே இறங்கும். பொருளாதார மந்தத்தில் இதற்கு நேர்மாறு. 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பின் செலவைக் குறைத்த நாடுகளுக்கான கணிப்புகளில் பெருக்கி ஏறத்தாழ 0.5 என்று கொள்ளப்பட்டிருந்தது. உண்மையில் அது 0.9 முதல் 1.7 வரை இருந்திருக்கலாம் என்று பன்னாட்டு நாணய நிதியம் 2012-இல் எழுதியது. பெருக்கி கீழ்நோக்கியும் பெருக்கும் என்பதை அந்த நாடுகள் வேலையின்மையில் பார்த்தன.

இனி சொல்லாட்சி. எண்ணுக்குப் 'பெருக்கி', நிகழ்வுக்குப் 'பெருக்கு விளைவு'. 'பெருக்கல்' கணக்குப் பாடத்துக்குரியது. 'முடுக்கி' வேறு கருத்து: விற்பனை கூடும் வேகத்தைப் பார்த்து நிறுவனங்கள் முதலீட்டைக் கூட்டுவது. பெருக்கியை 'வளர்ச்சி விகிதம்' என்று எழுதுவதுதான் பெரிய பிழை. செலவு நின்றால் அந்தக் கூடுதல் வருமானமும் சில காலாண்டுகளில் வடிந்துவிடும். அந்தச் செலவில் கட்டிய சாலையும், படித்து வெளிவந்த பிள்ளைகளும் தரும் உற்பத்தி பெருக்கியின் கணக்கில் வருவதே இல்லை.