சிபிஎல் கைக்கு வந்த பிறகு

சிபிஎல், அதாவது வணிக விமானி லைசென்ஸ், வாங்கிய கையோடு என்னைப் பார்க்க வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதுதான்: "சார், ஏர்பஸ்ஸா போயிங்கா, எந்த டைப் ரேட்டிங் பண்ணலாம்?" ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிதான் டைப் ரேட்டிங். பல வருஷமாகப் பறக்கக் கற்றுக்கொடுக்கிறேன். என் பதில் மாறியதில்லை. ஏர்லைன் உன்னைத் தேர்ந்தெடுக்கும் வரை எதுவும் பண்ணாதே, தம்பி.

200 மணி நேரம் பறந்து, விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் தேர்வுகளை எழுதி முடித்து சிபிஎல் கைக்கு வருவதற்குள் செலவு அரைக் கோடியைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட ஜெட் விமானத்துக்கான டைப் ரேட்டிங் என்றால் இன்னும் பத்துப் பதினைந்து லட்சம். ஏற்கெனவே கடனில் இருக்கும் வீட்டில் இதையும் புரட்டச் சொல்வது சின்ன விஷயமில்லை.

என்னிடம் படித்த ஒரு பையன் 2018 கடைசியில் போயிங் 737 ரேட்டிங் முடித்துவிட்டு வந்தான். ஒரு ஏஜென்ட், "ரேட்டிங் மட்டும் இருந்தா போதும், மூணு மாசத்துல ஏர்லைன்ல உட்கார வெச்சிடறேன்" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவின் நகை அடகுக்குப் போனது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான மணி நேரம் 737 ஓட்டியவர்கள் வேலை தேடி நின்றார்கள். அதே வரிசையில், ஒரு பயணியைக்கூட ஏற்றிப் பறக்காத இவனும் நின்றான். யாரைக் கூப்பிடுவார்கள்? அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து இரண்டு மாதம் உள்நாட்டு விமானங்களே ஓடவில்லை. பறக்காமல் கிடந்தால் ரேட்டிங்கும் ஆறிப்போகும். மறுபடி சிமுலேட்டர், மறுபடி பணம். ஏஜென்ட் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஏர்லைன்கள் ஆள் எடுப்பதைத் தங்கள் சொந்த இணையதளத்திலேயே அறிவிக்கின்றன. தேர்வான பிறகும் ரேட்டிங் செலவை உங்கள் தலையிலேயே கட்டலாம். ஆனால் அப்போது எந்த விமானம், எப்போது சேரவேண்டும் என்பது கையில் எழுத்தாக இருக்கும். "ஏர்லைனோட டை-அப் இருக்கு" என்று வாயால் சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, வேலை வரும் வரை என்ன செய்வது? லைசென்ஸை உயிரோடு வைத்திருங்கள். முதல் வகுப்பு மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சான்றும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்க வேண்டியவை. நேர்முகத்துக்கு அழைப்பு வந்த அன்று, மெடிக்கல் போன மாதமே முடிந்துவிட்டது என்று கண்கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் பறக்காத ஒரு நிமிடத்தைக்கூட எழுதாதீர்கள். பொய்க் காகிதம் எதுவானாலும் ஒருநாள் மாட்டிவிடும். போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் 2011-ல் பிடிபட்டுக் கைதானார்கள்.

அந்தப் பையன் ஒரு வருஷம் வீட்டில் முடங்கியிருந்துவிட்டு என்னிடம் வந்தான். சிமுலேட்டரில் உட்காரவைத்து ஐஎல்எஸ் அப்ரோச், அதாவது ரேடியோ சிக்னலைப் பின்பற்றி ரன்வேக்கு இறங்கும் பயிற்சி, கொடுத்தேன். பாதி வழியில், "தரைவேகம் 120 நாட், மூன்று டிகிரி சரிவு, நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்கணும்?" என்று கேட்டேன். உதடு அசைந்தது, பதில் வரவில்லை. யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேகம் பத்து நாட் விழுந்ததையும் அவன் கவனிக்கவில்லை. வேகத்தை ஐந்தால் பெருக்கினால் போதும், 600 அடி. படித்த கணக்குதான், துரு ஏறியிருந்தது. ஏர்லைன் தேர்வில் கணினித் தேர்வு, மனநிலைத் தேர்வு, குழுப் பேச்சு எல்லாம் தாண்டி வருபவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். கை ஒரு வேலை செய்யும்போது தலை இன்னொரு வேலை செய்ய வேண்டும். அது வாரா வாரம் பழகினால்தான் வரும்.

உதவிப் பயிற்றுநர் ரேட்டிங் எடுக்கச் சொன்னேன். "ஏர்லைனுக்குப் போகணும்னு வந்துட்டு இந்தக் குட்டி செஸ்னா விமானத்துலயே இருக்கணுமா சார்?" என்றான். முகம் சுருங்கிப்போனது. ஆனால் செய்தான். மூத்த பயிற்றுநர் மேற்பார்வையில் மாணவர்களோடு பறந்தான். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அப்புறம் ஒருநாள், ரன்வேயை நோக்கி இறங்கும்போது பக்கத்து இருக்கைப் பையனிடம் இவனே, "90 நாட், எத்தனை அடி?" என்று கேட்டதாகச் சொன்னான். கற்றுக்கொடுப்பவனுக்குத்தான் முதலில் பாடம் தெளியும் என்பதை அன்று அவன் குரலில் கேட்டேன்.

2022-ல் அழைப்பு வந்தது. ஏர்பஸ் ஏ320 ஓட்டும் நிறுவனம். நகையை அடகு வைத்து வாங்கிய 737 ரேட்டிங்கை யாரும் பொருட்படுத்தவில்லை. "இந்த மூணு வருஷமா என்ன பண்ணீங்க?" என்றுதான் கேட்டார்களாம். லாக்புக்கைத் திறந்து அவர்கள் பக்கம் நகர்த்தியிருக்கிறான். கடைசி வரி போன வாரத்தது: செஸ்னா 172, சர்க்யூட் பயிற்சி, 1 மணி 10 நிமிடம்.