கிறவல் ரோட்டில் காற்றைக் குறைத்தால் சைக்கிள் ஏன் லேசாக ஓடுகிறது?

மட்டக்களப்பு டவுனில் இருந்து வலையிறவுப் பாலம் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சை என்று மேற்கே போனால், தார் போட்ட காபட் ரோட்டை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் சரளைக்கல்லும் மண்ணும் கொட்டிய கிறவல்தான். வாய்க்கால் கட்டு, வயலுக்குப் போகிற உழவு இயந்திரப் பாதை, ஆற்றோரப் புல்வெளியில் மாட்டுப்பட்டி நடந்து நடந்து விழுந்த தடம், காட்டோர மணல் என்று நிலம் மாறிக்கொண்டே இருக்கும். இந்தப் பாதைகளில் நான் பல வருடமாகச் சைக்கிள் ஓடுகிறேன். ரயரைக் கல் மாதிரி இறுக்கி வைத்தால்தான் சைக்கிள் லேசாக ஓடும் என்று சின்ன வயதில் இருந்தே நம்பியிருந்தேன்.

கச்சான் காற்று வீசுகிற ஒரு காலத்தில் அந்த நம்பிக்கை போய்விட்டது. உன்னிச்சைக் குளத்துப் பக்கம் போகும்போது பின் சில்லின் வால்வு சரியாக இறுகாமல் காற்று மெல்லமெல்லக் கசிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு என்னவோ கால் வலிக்காமல் ஓடுகிறதே என்று மட்டும் நினைத்தேன். இறங்கி ரயரை அமத்திப் பார்த்தபோது பாதிக் காற்று இல்லை.

ஒரு ரயர் நிலத்தை எவ்வளவு தொடுகிறது என்பதைக் காற்றழுத்தமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. என்னையும் சைக்கிளையும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 48 கிலோ அளவு பின் சில்லின் மேல் விழும். ரயரில் காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 4.2 கிலோ. 48ஐ 4.2ஆல் வகுத்தால் 11 சதுர சென்ரிமீற்றர் சொச்சம். பின் சில்லு நிலத்தில் பிடிக்கிற இடம் அவ்வளவுதான். 40 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அதே இடம் 17 ஆகிறது. வீட்டிலேயே பார்க்கலாம். ரயரை நனைத்து, காய்ந்த சீமெந்துத் தரையில் சைக்கிளை வைத்து ஒருவர் ஏறி இருக்க வேண்டும். அப்புறம் சைக்கிளைத் தூக்கினால் தரையில் முட்டை வடிவில் ஈரம் இருக்கும். காற்றைக் குறைத்து மறுபடி வைத்தால் முட்டை நீண்டு பெருத்திருக்கும்.

கிறவலில் இது ஏன் உதவுகிறது? இறுகிய ரயர் ஒரு கல்லில் ஏறும்போது கல் ரயருக்குள் அமுங்காது. சில்லுதான் மேலே எழும்பும், அதோடு சைக்கிளும் ஆளும் எழும்ப வேண்டும். முன்னால் போக நாம் மிதித்த சக்தி மேல்நோக்கிப் போகிறது. திரும்ப விழும்போது அது நமக்குக் கிடைப்பதில்லை. கை, தொடை, வயிறு எல்லாம் அதிர்ந்து, அந்த அதிர்வு சதைக்குள்ளேயே வெப்பமாகிப் போய்விடுகிறது. கிறவல் ஓடிவிட்டு வந்து இரவில் உடம்பு நோகிறது என்றால், அந்த நோவில் ஒரு பங்கு பகல் முழுக்க இப்படி வீணாய்ப் போன சக்தியின் கணக்குத்தான். மெத்தென்ற ரயர் கல்லை அப்படியே உள்வாங்கிக்கொள்கிறது. சில்லின் அச்சு ஏறக்குறைய நேர்கோட்டிலேயே போகும்.

றப்பர் அமுங்கி விரியும்போதும் கொஞ்சம் சக்தி வெப்பமாகிறது, உண்மைதான். வழுவழுப்பான காபட்டில் பெரிய இழப்பு அதுதான், ஆகவே அங்கே காற்றைக் கூட்டுவது சரி. கிறவலில் அதைவிட அதிர்வு இழப்பு பெரிது.

காற்று ரயர் வந்ததே கரடுமுரடான வீதிக்காகத்தான். 1845இல் ரொபர்ட் வில்லியம் தொம்சன் அதற்குக் காப்புரிமை எடுத்தார், ஆனால் அது பரவவில்லை. பிறகு பெல்பாஸ்ட்டில் கால்நடை வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லப், கட்டை றப்பர் ரயரில் குலுங்கிக் குலுங்கி ஓடிய தன் மகனின் முச்சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். அடுத்த வருடமே வில்லி ஹியூம் என்ற சைக்கிள் ஓட்டவீரர் அந்த ரயரோடு பெல்பாஸ்ட்டில் போட்டிகளை வென்றார். மெத்தென்ற சில்லு பிந்தும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

மணல் வேறு கதை. அங்கே சில்லு தானே ஒரு பள்ளம் தோண்டி, அந்தப் பள்ளத்தின் விளிம்பில் தானே ஏறிக்கொண்டிருக்கிறது. சமதரையிலும் ஏற்றம் ஏறுகிற மாதிரி இருப்பது அதனால்தான். ரயர் பிடிக்கிற இடம் கூடினால் பள்ளம் ஆழாது. ஆனால் மணலில் விழுத்துவது அந்த ஏற்றம் அல்ல, ஹேண்டில். சைக்கிள் நிமிர்ந்து நிற்பது, சாய்கிற பக்கத்துக்கு முன் சில்லை நாம் அறியாமலே கொஞ்சம் திருப்பி, சில்லை நம் பாரத்துக்குக் கீழே கொண்டுவந்துகொண்டே இருப்பதால். மணலில் முன் சில்லு தன் பள்ளத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. திருப்பினாலும் பக்கவாட்டில் வராது. அதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார். உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குக் கொடுத்து முன் சில்லின் பாரத்தைக் குறைத்தால் அது மணலுக்கு மேலே மிதந்து வரும்.

ஈர மணல் கெட்டியாக இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். மணிகளுக்கு இடையில் சிறு துளி நீர் பாலம் போட்டு, அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. முழுக்கக் காய்ந்தால் பாலம் இல்லை, நீரில் முங்கினாலும் இல்லை. சிவப்புக் கிறவலும் ஏறக்குறைய அப்படித்தான். அதில் உள்ள களி லேசான ஈரத்தில் கல்லைப் பிடித்து வைத்திருக்கும். மழை பெய்து ஒரு நாள் வெயில் அடித்த பிறகு, அந்தக் காலைதான் எனக்கு ஆகப் பிடித்த ஓட்டம். மார்கழி அடைமழையில் வயல் களிக்குள் போவதென்றால் சைக்கிளைத் தோளில் போட்டு நடக்க வேண்டியதுதான்.

வாகனம் அதிகம் ஓடுகிற கிறவலில் கூரைத் தகரம் மாதிரி வரிவரியாக மேடு விழுவதற்கும் சில்லுதான் காரணம். இயற்பியலாளர் ஸ்டீவன் மொரிஸும் கூட்டாளிகளும் சுழலும் மணல் மேடையில் ஒரு றப்பர் சில்லை ஓடவிட்டு இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேலே போனால், சமமான மணலிலும் சில்லு மெல்லத் துள்ளத் தொடங்குகிறது. விழுகிற இடத்தில் மண் தள்ளுப்பட்டு மேடாகும், மேடு அடுத்த துள்ளலைப் பெரிதாக்கும். அந்த வேகத்துக்குக் கீழே வரி விழுவதில்லை.

இனிக் காற்றை எவ்வளவு இறக்கலாம்? விறகு கட்டி வருகிற ஒரு அண்ணனிடம் இதையெல்லாம் ஆர்வமாய்ச் சொன்னேன். அவர் தன் பின் ரயரைப் பெருவிரலால் அமத்திக் காட்டினார். அசையவில்லை.

"உங்களுக்குச் சரி தம்பி. நான் விறகு ஏத்தினா ரிம் கல்லில அடிக்கும். ரியூப் ரெண்டு இடத்தில பொத்திரும்."

அவர் சொன்னது அப்படியே சரி. பாரம் கூடினால் ரயர் ரிம் வரைக்கும் அமுங்கி, கல்லுக்கும் ரிம்மின் இரண்டு விளிம்புக்கும் நடுவில் ரியூப் நசிபடும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தல் விழும். 80 கிலோவுக்கு, 40 மில்லிமீற்றர் ரயரில், நான் பின்னால் 40 பிஎஸ்ஐ, முன்னால் 34 பிஎஸ்ஐ வைக்கிறேன். காலை 25 பாகையில் அடித்த 40, வெயிலில் ரயர் 50 பாகைக்குச் சூடானால் 44 தாண்டும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த 40 மில்லிமீற்றர் புதிதல்ல. உலகக் கிறவல் சைக்கிள் போட்டி 2022இல் இத்தாலியில் முதல் தடவை நடந்தது. அப்படியான போட்டிகளுக்கு என்று விற்கிற ரயர்களில் பல இந்த அகலம்தான். நம் அப்பப்பாமாரின் பெரிய சைக்கிளில் போடுகிற 28க்கு ஒன்றரை அங்குல ரயரும் அதே 40 மில்லிமீற்றர்தான். சைக்கிள் கடையில் இன்றும் கிடைக்கிறது.

திரும்பி வரும்போது காபட் ரோட்டில் ஏறியதும் நின்று பம்மை எடுப்பேன். கிறவலில் இருந்து ஏறிய முதல் சில அடிக்குச் சிவப்புப் புழுதியில் ரயர்த் தடம் அகலமாகப் படிந்திருக்கும். இருபது தரம் அடித்துவிட்டு மறுபடி ஏறி ஓடினால், அதற்கு அப்பால் விழுகிற தடம் ஒல்லியாக இருக்கும்.