ஃபைல் இருக்கிறது, ஆனால் இல்லையாம்!

உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸின் 20.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. சிங்கப்பூரில் சிறு கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்களுக்கு அப்போதிருந்து ஒரே புகார்தான். கடைசியாக வந்தது துவாஸில் ஒரு வேர்ஹவுஸ். வார இறுதியில் 22.04-க்கு மாற்றியிருக்கிறார்கள், திங்கட்கிழமை காலை லேபிள் அடிக்கும் மென்பொருள் எழவே இல்லை.

"அண்ணே, லிப்எஸ்எஸ்எல் 1.1 ஃபைல் இல்லேன்னு சொல்லுச்சு. 3-க்கு அந்தப் பேர்ல ஒரு லிங்க் போட்டேன். இப்போ வேற எரர் வருது" என்றார் அங்கிருந்த தம்பி. (லிப்எஸ்எஸ்எல் என்பது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியின் ஃபைல்; லைப்ரரி என்றால் பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்தக் கோட். 22.04-இல் இருப்பது அதன் 3-ஆம் பதிப்பு.)

அந்த லிங்க், அதாவது பழைய பெயரில் புதிய ஃபைலைக் காட்டும் குறுக்குவழிதான், எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். லைப்ரரியின் பெயருக்குப் பின்னால் வரும் எண் அழகுக்கு வைத்ததல்ல. 'பழைய புரோகிராமோடு இது இனி ஒத்துப்போகாது' என்று எழுதியவர்களே அதை மாற்றிச் சொல்கிறார்கள். பெயரை மாற்றி ஒட்டினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா? ஓப்பன்எஸ்எஸ்எல் என்பதால் தம்பி பிழைத்தார்: புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஏற்றிக்கொடுக்கும் லோடர் பதிப்பைச் சரிபார்த்து, '1_1_0 இல்லை' என்று ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டது. அந்தச் சரிபார்ப்பு இல்லாத லைப்ரரிகள் நிறைய. அவற்றில் புரோகிராம் எழும், ஓடும், பிறகு எங்கோ நடுவில் விழும்; இல்லையென்றால் தப்பான தகவலை எழுதிவைக்கும். விழுவதே மேல்.

பழைய 1.1 தொகுப்பை எங்கிருந்தோ இறக்கிப் போடுவதும் தீர்வல்ல. 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஓடு முடிந்துவிட்டது.

இதைவிடக் குழப்பும் செய்தி ஒன்று உண்டு. ஃபைல் கண்ணெதிரே இருக்கும், இயக்கினால் 'அப்படியொரு ஃபைல் இல்லை' என்று வரும். 32-பிட் புரோகிராமை அதற்கான லோடர் இல்லாத 64-பிட் சர்வரில் ஓட்டிப் பாருங்கள். காணாமல்போனது லோடர், பழி புரோகிராமின் மேல்! விண்டோஸிலும் இதே கதைதான்: டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரி ஃபைல்) இருக்கும், அது கேட்கும் இன்னொரு டிஎல்எல் இருக்காது, எரரில் பல நேரம் வருவது முதலாவதன் பெயர்.

ஓஎஸ் மாற்றுவதற்கு முன்பே புதிய பதிப்பில் ஒரு சோதனை மெஷினை எழுப்பி, உங்கள் புரோகிராமின் மேல் எல்டிடி ஓட்டுங்கள்; அதற்கு வேண்டிய லைப்ரரிகளில் எது கிடைக்கிறது, எது இல்லை என்று பட்டியல் போடும் கட்டளை அது. 'நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரி வந்தாலும் நிறுத்திக்கொண்டு, விற்றவரிடம் புதிய பதிப்பு கேளுங்கள். (எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஃபைலின் மேல் எல்டிடி வேண்டாம், அது அந்த ஃபைலையே இயக்கிவிடக்கூடும். ஃபைலை இயக்காமல் படித்துச் சொல்லும் ரீட்எல்ஃப் போதும்.) அப்கிரேடின் முடிவில் 'பழைய தொகுப்புகளை நீக்கவா?' என்று கேட்கும்போது படிக்காமல் 'ஒய்' தட்டாதீர்கள். விற்றவர் இழுத்தடித்தால், பழைய பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் உபுண்டு புரோ சந்தாவோடு 20.04-லேயே அந்த ஒரு புரோகிராமைத் தனியாக வைத்திருங்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓடும்போதே லைப்ரரியை ஏற்றும் டிஎல்ஓப்பன் தோற்றால், காரணத்தை டிஎல்எரர் என்ற ஃபங்ஷன் தெளிவாகவே சொல்கிறது. அதை விழுங்கிவிட்டு 'பிளக்இன் ஏறவில்லை' என்று மட்டும் காட்டாதீர்கள். அந்த வரியை அப்படியே அச்சிடுங்கள், எந்த ஃபைல் கேட்டது என்பதையும் சேர்த்து.