ரிமூவ் ‘முடியாது’ என்று சொல்ல முடியாது

லினக்ஸ் டிரைவர் ஒன்றில் இதே பிழையைப் பார்ப்பது இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. போர்டு வேறு, நிறுவனம் வேறு, டிரைவரை எழுதியவரும் வேறு. பிழை மட்டும் அச்சு அசலாக அதே.

பேட்டரி அளவைப் பார்க்கும் ஒரு ஐ-டூ-சி (போர்டில் சிப்களை இணைக்கும் இரண்டு கம்பித் தடம், அதாவது பஸ்) சிப். அதற்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலின் மூலமரத்தில் இல்லை. சிப் விற்றவர்கள் தனியாகக் கொடுத்தது. 5.10 கெர்னலில் ஒழுங்காக ஓடியிருக்கிறது. 6.6-க்கு மாறியதும் ப்ரோப் (சிப் கிடைத்ததும் கெர்னல் அழைக்கும் செயல்பாடு), ரிமூவ் (சிப்பைப் பிரிக்கும்போது அழைப்பது) இரண்டு வரிகளிலும் வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் கத்தியிருக்கிறது. உடனே யாரோ ஒருவர் இரண்டுக்கும் முன்னால் வாய்டு பாயின்டர் காஸ்ட் போட்டுவிட்டார், அதாவது ‘வகையைப் பார்க்காதே’ என்று கம்பைலரிடம் சொல்லிவிட்டார். கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. கருவியும் பூட் ஆனது. எல்லோருக்கும் திருப்தி.

ப்ரோப் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய ப்ரோப்புக்கு இரண்டு அளவுருக்கள்: கிளையன்ட், ஐடி. பெரும்பாலான டிரைவர்கள் அந்த ஐடியைத் தொடுவதே இல்லை. அதனால் 4.10-ல் ஐடி இல்லாத ‘ப்ரோப் நியூ’ என்ற இரண்டாவது வாசலைத் திறந்தார்கள். டிரைவர்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போக ஆறு வருடங்களுக்கு மேல் ஆனது. பிறகு 6.3-ல் ப்ரோப்பே ஒற்றை அளவுருவுக்கு மாறியது, 6.6-ல் தற்காலிக வாசலை இடித்துவிட்டார்கள். இவ்வளவு நிதானமாகத்தான் செய்தார்கள். நம் ஆட்களுக்குத்தான் அது தெரியாமலே போனது.

காஸ்ட் போட்டால் என்ன ஆகிறது? கெர்னல் ஒரு அளவுருதான் கொடுக்கிறது. டிரைவர் இரண்டை எடுத்துக்கொள்கிறது. ஆர்ம் 64-ல் இரண்டாவது அளவுரு வரும் இடம் எக்ஸ்1 ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்). அதில் முந்தைய வேலையின் மிச்சம் எதுவோ கிடக்கும். இந்த டிரைவர் அதை ஐடி என்று நம்பி, சிப் ‘ஏ’ வகையா ‘பி’ வகையா என்று அங்கே தேடியது. ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிக்கை) வந்து விழுந்திருந்தால் நல்லது, அன்றைக்கே தெரிந்திருக்கும். கெட்ட நேரம், மிச்சமாகக் கிடந்தது ஏதோ ஒரு செல்லுபடியான முகவரி. அங்கே இருந்த எண் ‘பி’யோடு பொருந்தவில்லை, எனவே எல்லா போர்டும் ‘ஏ’ ஆகிவிட்டது. ‘பி’ சிப் இருந்த போர்டுகளில் வெப்பநிலை தப்பாக வந்தது. சென்சார்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் சிப்பைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார்கள். (கிளாங் கம்பைலரின் சிஎஃப்ஐ காவலோடு, அதாவது அழைக்கும் செயல்பாட்டின் வகை பொருந்துகிறதா என்று ஓடும்போதே பார்க்கும் வசதியோடு, கட்டியிருந்தால் முதல் அழைப்பிலேயே கெர்னல் நின்றிருக்கும். அதை ஏன் அணைத்து வைத்தீர்கள் என்று கேட்டேன். “அது போட்டா பூட் ஆகல சார்.” சரி.)

இப்போது என்னை உண்மையில் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்: ரிமூவ்.

அந்த டிரைவரின் ரிமூவ் இப்படித் தொடங்குகிறது: அளவீடு நடந்துகொண்டிருந்தால், ஈபிஸி (‘வேலையாக இருக்கிறேன்’) பிழையைத் திருப்பி அனுப்பிவிட்டு வெளியேறு. எழுதியவர் மனதில் இருப்பது புரிகிறது. ‘நான் வேலையாக இருக்கிறேன், இப்போது கழற்றாதே’ என்று கெர்னலிடம் சொல்கிறாராம். கெர்னல் கேட்டுக்கொண்டு காத்திருக்குமாம்.

காத்திருக்காது. 5.10-லும் காத்திருக்கவில்லை, அதற்கு முன்பும் இல்லை. ரிமூவ் என்ன எண்ணைத் திருப்பினாலும் டிரைவர் கோர் (எல்லா டிரைவர்களையும் மேய்க்கும் கெர்னல் பகுதி) அதைப் பார்ப்பதே இல்லை. ரிமூவ் அனுமதி கேட்கும் கேள்வி அல்ல, தகவல். யூஎஸ்பி வழியாக ஐ-டூ-சி தரும் குச்சியை ஒருவர் பிடுங்கிவிட்டார் என்று வையுங்கள். சிப் ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது. அப்போது ‘முடியாது’ என்று யாரிடம் சொல்வீர்கள்?

சரி, யாரும் கேட்கவில்லை, அதனால் என்ன என்கிறீர்களா? பாதியில் திரும்பியதால் ரிமூவின் மீதி வரிகள் ஓடவில்லை. வினாடிக்கு ஒருமுறை சிப்பைப் படிக்கும் டிலேட் வொர்க் (பிறகு ஓடும்படி கெர்னலிடம் ஒப்படைத்த வேலை) நிறுத்தப்படவில்லை. ஆனால் டெவ்-எம் (டிரைவர் பிரிந்ததும் தானாக விடுவிக்கும் ஏற்பாடு) வழியாக வாங்கிய நினைவகத்தை டிரைவர் கோர் தன் கடமைப்படி விடுவித்துவிட்டது. அடுத்த வினாடி அந்த வொர்க் எழுந்து, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் எழுதுகிறது. சாவது சம்பந்தமே இல்லாத வேறொரு டிரைவர். லாக்கில் அதன் பெயர்தான் இருக்கும்.

“மாட்யூலை (டிரைவர் கோப்பை) இறக்கும்போது நிஜமாகவே தடுத்ததே, நான் பார்த்தேனே” என்று ஒரு தம்பி வாதாடினார். தடுத்தது மாட்யூலின் பயன்பாட்டு எண்ணிக்கை. யாரோ அதன் டிவைஸ் கோப்பைத் திறந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் கருவிகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அன்பைண்ட் எழுதி, டிரைவரைச் சிப்பிலிருந்து பிரித்துப் பாருங்கள், எந்த எண்ணிக்கையும் காப்பாற்றாது.

இந்தத் தவறான நம்பிக்கைக்கு இடைமுகமும் ஒரு காரணம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்ட் (ஒரு முழு எண்) திருப்பு என்று கேட்டுவிட்டு அதைக் குப்பையில் போட்டால், எழுதுபவர் என்ன நினைப்பார்? அதனால்தான் 6.1-ல் ஐ-டூ-சி ரிமூவை வாய்டு (எதையும் திருப்பாத வகை) ஆக்கினார்கள். கெர்னல் நிரலாளர் உவே க்ளைனே-கோனிக் இதற்காக நூற்றுக்கணக்கான டிரைவர்களைத் திருத்தினார். அதற்கு முன்பே, பிழை திரும்பினால் ‘ரிமூவ் தோற்றது, கண்டுகொள்ளப்படாது’ என்ற பொருளில் லாக்கில் எச்சரிக்கையும் வந்துகொண்டிருந்தது. பார்த்தவர் யார்?

இடைமுகத்தைச் சும்மா மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று புலம்புபவர்களுக்கு ஒரு பழைய கதை. முன்பெல்லாம் ஐ-டூ-சி டிரைவர்கள் பஸ்ஸில் ஒவ்வொரு முகவரியாகத் தட்டி ‘யார் இருக்கிறீர்கள்’ என்று தாங்களே தேடும். 2000-ஐ ஒட்டி, சில ஐபிஎம் திங்க்பேட்களில் அப்படித் தட்டியதிலேயே ஒரு ஈஈப்ராமின் (மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும் நினைவக சிப்) உள்ளடக்கம் கெட்டு, மடிக்கணினி பூட் ஆகாமல் போனது. எந்த முகவரியில் எந்த சிப் என்று போர்டே சொல்லட்டும் என்ற புதிய முறை 2007-ல் 2.6.22-ல் வந்தது. பயனர் நிரல்களை உடைக்க மாட்டோம் என்பதுதான் கெர்னல் கொடுத்த வாக்கு. உள்ளே இருக்கும் டிரைவர்களுக்கு அப்படி ஒரு வாக்கை யாரும் கொடுக்கவில்லை.

ஆகவே, ஐயா, அம்மா, தயவுசெய்து கால்பேக்கில் (கெர்னல் அழைக்கும் உங்கள் செயல்பாட்டில்) காஸ்ட் போடாதீர்கள். ஒரு கால்பேக்கின் வகை மாறினால் அதன் அர்த்தமும் மாறியிருக்கலாம். மாற்றிய கமிட்டின் விளக்கத்தைப் படியுங்கள், பத்து நிமிடம்தான். சிப் வகை வேண்டுமென்றால் அதற்கென்று மேட்ச் டேட்டா எடுக்கும் உதவிச் செயல்பாடு இருக்கிறது. ரிமூவில் முதல் வேலை, வொர்க்கையும் டைமரையும் நிறுத்துவது. ‘சிங்க்’ என்று முடியும் வகையால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருப்பது ஓடியே முடியும். டெவ்-எம்மையும் கைமுறை விடுவிப்பையும் கலக்கிறீர்களா? இன்டரப்ட் எப்போது போகிறது, நினைவகம் எப்போது போகிறது என்று காகிதத்தில் வரிசை எழுதிப் பாருங்கள். கேசான் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவி) போட்ட கெர்னலில் பைண்ட், அன்பைண்ட் நூறு முறை ஓட்டுங்கள். ஒரு ஷெல் வரி, அதற்குக்கூடவா நேரமில்லை?

முடிந்தால் டிரைவரை மூலமரத்துக்கே அனுப்பிவிடுங்கள். அங்கே இருந்திருந்தால், ப்ரோப்பை மாற்றியவர்களே உங்கள் டிரைவரையும் திருத்தியிருப்பார்கள். வெளியே வைத்துக்கொண்டு கெர்னல் பதிப்புக்கு ஒரு ‘இஃப்’, ஒரு ‘எல்ஸ்’ என்று அடுக்குவது உங்கள் விருப்பம். அப்படி அடுக்கிய ஒரு கோப்பில் பதினோரு கிளைகளை எண்ணியிருக்கிறேன். அதில் இரண்டு, யாரும் பயன்படுத்தாத பதிப்புகளுக்கு.

அடுத்த முறை எனக்கு ஊப்ஸ் லாக்கை அனுப்பும் முன், அந்தக் காஸ்டை எடுத்துவிட்டு ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். முதலில் வரும் பிழை வரியை மட்டும் அனுப்பினால் போதும்.