பின் டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் பிரேக் மாட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்

டிரம்மை எடுத்துவிட்டு, அடாப்டர் பிராக்கெட் (புது பிரேக்கைத் தாங்கும் தகடு) வைத்துப் பின்னால் டிஸ்க் மாட்டிய ஒரு சின்னக் கார் போன வாரம் பட்டறைக்கு வந்தது. ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையாம். வண்டியைத் தூக்கிப் பார்த்தால், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டையும் வெட்டி ஆக்சிலோடு நைலான் டேக் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மாட்டியிருப்பது வேறொரு காரின் முன்பக்கக் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற சாமான்). அதில் கேபிள் மாட்டும் லீவரே கிடையாது, ஹேண்ட் பிரேக் எங்கிருந்து பிடிக்கும்? பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏலகிரி போய்வந்த வண்டி அது. மேட்டில் நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்துக்குக் கல் வைத்தாராம் அந்தத் தம்பி. மாட்டிக் கொடுத்தவர் அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நாலு டிஸ்க் இருந்தா வண்டி டக்குனு நிக்கும்ணே." நிற்காது. பெடலை அழுத்தி மிதித்தால் வண்டி முன்னால் குனிகிறது அல்லவா? அந்த நேரத்தில் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்கிற சின்னக் காரில், அவசர பிரேக்கில் முக்கால் பங்குக்கு மேல் வேலை முன் சக்கரங்களுடையது. பின் டயர் தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்சப் பிடிமானத்துக்கு டிரம்மே போதும். அங்கே பிரேக்கைக் கூட்டினால் வண்டி சீக்கிரம் நிற்காது, பின் சக்கரம் சீக்கிரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். முன் சக்கரம் பூட்டினால் வண்டி நேராக இழுத்துக்கொண்டு போகும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வால் சுழன்று வந்துவிடும். மழை பெய்த ரோட்டில் அதைப் பிடித்துத் திருப்ப ரேஸ் ஓட்டுகிறவராலும் எளிதில் முடியாது. பின்பக்கம் பூட்டக் கூடாது என்பதற்காகவே பழைய வண்டிகளில் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்தார்கள், புதிய வண்டிகளில் அதை இ.பி.டி. என்ற எலக்ட்ரானிக் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் கம்பெனி அந்த டிரம்முக்குக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறது, நீங்கள் சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் வாங்கிய கேலிப்பருக்கு இல்லை.

டிரம் என்றால் மட்டமான சாமான் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். வோக்ஸ்வாகன் ஐடி.4 மின்சாரக் காரில் பின்னால் டிரம்தான். ஹேண்ட் பிரேக்குக்கு டிரம்மைப் போல லேசில் பிடிக்கிற சாமான் வேறு இல்லை.

இனி அந்த பிராக்கெட். வெறும் தகடுதானே என்று லேத்தில் வெட்டி வாங்கிவிடுகிறார்கள். பெடலை அழுத்தி மிதிக்கும்போது பின் டயர் ஒன்றில் 140 கிலோ இழுப்பு வருகிறது என்று வையுங்கள். டயரின் ஆரம் 28 செ.மீ., கேலிப்பர் பிடிப்பது மையத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில். அப்படியானால் அந்தத் தகடும் இரண்டு போல்ட்டும் தாங்குவது ஏறக்குறைய 400 கிலோ. ஒவ்வொரு மிதிக்கும் இப்படி. போன வாரம் வந்த வண்டியின் பிராக்கெட் கேஸ் கட்டிங்கில் வெட்டியது. துளை பெரிதாகப் போனதால் வெல்டிங் வைத்து அடைத்து மறுபடி துளைத்திருந்தார்கள். வெல்டிங் ஓரத்தில் முடி அளவுக்கு விரிசல். தகடு டிஸ்க்குக்கு இணையாக இல்லாததால் உள் பேட் (டிஸ்க்கில் உரசுகிற கட்டை) ஒரு முனையில் இரும்பு வரை தேய்ந்து, மறுமுனையில் புதிது போல இருந்தது.

பெரிய பிஸ்டன் உள்ள கேலிப்பருக்கு பிரேக் ஆயில் அதிகம் வேண்டும், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பழையதே இருந்தால் பெடல் ஆழமாக இறங்கும். சில மாடல்களில், சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்கிற ஏ.பி.எஸ்.ஸின் சென்சார் பார்க்கும் வளையம் டிரம்மோடு இருக்கிறது, டிரம் போனால் ஏ.பி.எஸ்.ஸும் போச்சு. கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

உங்கள் மாடலிலேயே பின் டிஸ்க் உள்ள வேரியன்ட் இருந்தால் விஷயம் வேறு. அதன் ஸ்டப் ஆக்சில் (சக்கரம் மாட்டுகிற தண்டு), கேலிப்பர், கேபிள், மாஸ்டர் சிலிண்டர், ஏ.பி.எஸ். யூனிட் என்று செட்டாக மாற்றுகிறவரிடம் போங்கள். பாதி செட் போடாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா? தயவுசெய்து இந்த வாரமே தூக்கிப் பாருங்கள். பிராக்கெட்டில் வெல்டிங் இருந்தால் கழற்றிவிடுங்கள், யோசிக்க வேண்டாம். போல்ட் தலையில் அதன் பலத்தைச் சொல்லும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்கிறதா பாருங்கள், ஒன்றுமே இல்லாத போல்ட் பிரேக்கில் இருக்கக் கூடாது. பின்னால் ஆள் உட்கார்ந்து வண்டி அமுங்கும்போது பிரேக் ஆயில் போகிற ஹோஸ் எதிலாவது உரசுகிறதா? கேபிளை வெட்டிய வண்டி என்றால் பழைய டிரம்மையே திரும்ப மாட்டுங்கள். மாட்டிக் கொடுக்க நாங்கள் தயார், கேலி பேச மாட்டோம்.

கையில் இருக்கிற பணத்தை நல்ல டயருக்கும் முன் பேடுக்கும் போடுங்கள். டிரம்மைத் திறந்து தூசி எடுத்து, உள்ளே உரசுகிற ஷூவை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வண்டி நிற்கவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியில் ஆயில் டீ டிக்காஷன் நிறத்தில்தான் இருக்கிறது.