கார்ட்: டயருக்குள் இருக்கும் புரி

சேலத்திலிருந்து ஓமலூர் செல்லும் வழியில் எந்தப் பஞ்சர் கடையில் நின்றாலும், தேய்ந்த டயரைத் தடவிப் பார்ப்பவர் 'நூல் தெரியுதுங்க, மாத்திடுங்க' என்பார். ஓமலூரை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்தில் சிறு விமானம் ஒன்று இறங்கினால், அதன் டயருக்கும் இதே தீர்ப்புதான். விமானத் துறையில் அந்த நூலுக்குப் பெயர் 'கார்ட்' (cord).

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் மூலம் 'கோர்டே' என்னும் கிரேக்கச் சொல். குடல் என்பதும், குடலைத் திரித்துச் செய்த இசைக்கருவியின் தந்தி என்பதும் அதன் பொருள்கள்.

டயரிலும் திரிப்பே உயிர். நைலான் இழைகளை முறுக்கிக் கார்டாக்கி, ரப்பர் பூசி, ஓர் அடுக்கை ஒரு சாய்விலும் அடுத்ததை எதிர்ச்சாய்விலும் போர்த்தியே செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களுக்கான டயரின் உடலைக் கட்டுகிறார்கள். அம்மாப்பேட்டைத் தறியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். டயரிலோ கார்டுகள் பக்கம்பக்கமாகக் கிடக்க, அவற்றைப் பிடித்து வைத்திருப்பது ரப்பர்தான். காற்றழுத்தத்தையும், தரை தொடும்போது இறங்கும் எடையையும் தாங்குபவை இந்த அடுக்குகளே. மேற்பரப்பு ரப்பர் தேய்வதற்கென்றே வைத்தது.

ஆகவே காயம்பட்ட டயரில் முதலில் பார்க்க வேண்டியது ஆழம். பக்கச்சுவரில் வெயில் கீறிய மெல்லிய வெடிப்புகள் கார்டைக் காட்டாதவரை பொறுக்கலாம். வெட்டு கார்டை எட்டினாலோ, பிரேக் பூட்டிச் சறுக்கியதில் ஓரிடம் தட்டையாகித் கார்ட் அடுக்கு வெளிப்பட்டாலோ கழற்றியே ஆக வேண்டும். புடைப்பு இன்னும் வஞ்சகமானது: கார்ட் கண்ணில் படாமலே உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். காற்றை இறக்கினால் புடைப்பு மறைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே சாக்பீஸால் வட்டமிட வேண்டும். காற்று நிறைந்திருக்கையில் வெட்டைக் கூர்முனையால் கிளறுவது உயிருக்கே ஆபத்து. வெட்டின் அளவுக்கும் தேய்மானத்துக்கும் இறுதி வரம்பு டயர் உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ளதே.

தமிழில் எதைச் சொல்வது? 'கயிறு' பருமனைக் காட்டுகிறது. 'இழை' முறுக்குவதற்கு முந்தைய தனிநார். பஞ்சர் கடையின் 'நூல்' பேச்சுக்குப் போதும், ஆனால் தையல் நூலையும் அது குறிக்கும். 'புரி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. புரிதல் என்றால் முறுக்குதல். வைக்கோற்புரி திரித்தவர்களுக்கும், முப்புரிநூல் என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கும் விளக்கமே வேண்டாம். பராமரிப்புக் குறிப்பில் 'வெட்டு புரிவரை இறங்கியுள்ளது; டயர் மாற்றப்பட்டது' என்று தயங்காமல் எழுதலாம்.