ஹேர்னியா: இறங்குவதா, பிதுங்குவதா?

திருகோணமலையில் கரைவலை இழுத்துப் பழகியவர்களுக்கு ஹேர்னியா என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. வயிற்றுச் சுவரில் விட்ட இடைவெளி வழியே உள்ளே இருப்பது வெளியே தள்ளுவதுதான் அது. பாரம் தூக்கினால், இருமினால் கவட்டில் உருண்டு வரும். படுத்தால் உள்ளே போய்விடும். கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் சிலர் ஹேர்னியா என்பார்கள், சிலர் குடலிறக்கம் என்பார்கள்.

ஹேர்னியா இலத்தீன் சொல். உடைந்து வெளித்தள்ளுவதை ரோமர் காலத்திலேயே இப்படித்தான் சொன்னார்கள். குடலைக் குறிக்கும் ‘ஹீரா’ என்ற பழைய இலத்தீன் சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் கருத்து. ஆகவே குடலிறக்கம் என்பது தப்பான பெயர் இல்லை. குடல் விதைப்பை வரை இறங்கிவிடும் கவட்டு ஹேர்னியாவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

சிக்கல் மற்ற இடங்களில் வருகிறது. தொப்புளிலும் பழைய சத்திரசிகிச்சைத் தழும்பிலும் வரும் ஹேர்னியா கீழே இறங்குவதில்லை, முன்னால் தள்ளுகிறது. வெளியே வருவதும் எப்போதும் குடல் அல்ல. பல வேளைகளில் குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புச் சவ்வுதான். போதாததற்கு, கருப்பை இறக்கம் என்ற வேறொரு நோய்க்கும் ‘இறக்கம்’ போய்விட்டது. இங்கே ‘பிதுக்கம்’ நன்றாகப் பொருந்தும். முதுகெலும்பு வட்டு விலகினால் ‘டிஸ்க் பிதுக்கம்’ என்கிறோமே, அதுவும் மருத்துவத்தில் ஹேர்னியாதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சத்திரசிகிச்சைக்கு முன் எடுக்கும் சீ.ரீ. ஸ்கேனைப் பார்த்தால் தெரியும். ‘ரீ’ என்ற எழுத்து நிற்பது டோமோகிராபிக்கு. கிரேக்கத்தில் ‘டோமோஸ்’ என்றால் வெட்டிய துண்டு. உடலைக் குறுக்கே துண்டு துண்டாகக் காட்டும் படம். 1971இல் இலண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்தது மூளையை. அந்தக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘கணினி வரைவி’ என்ற மொழிபெயர்ப்பில் வெட்டு காணாமல் போய்விட்டது. ‘கணினி வெட்டுப்படம்’ என்றால் கருவி செய்யும் வேலை விளங்கும்.

வயிற்றின் வெட்டுப்படத்தில் தசை சாம்பல் நிறம், கொழுப்பு கருமை, காற்று முழுக் கறுப்பு. முன்புறம் நடுவுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு நேர்தசைகள். அவற்றை இணைக்கும் மெல்லிய நார்ப்பட்டைக்கு வெண்கோடு என்று பெயர். ஹேர்னியா உள்ள இடத்தில் அந்தக் கோடு அறுந்து, கருமை தோலுக்கு அடியில் வழிந்து நிற்கும். படுத்தால் உள்ளே போய்விடுகிற பிதுக்கமென்றால் மூச்சை அடக்கி முக்கச் சொல்லி எடுப்பதும் உண்டு.

மருத்துவர் முதலில் அளப்பது வெளியே வந்ததை அல்ல, சுவரில் விட்ட இடைவெளியை. ஐரோப்பிய ஹேர்னியா சங்கம் 2009இல் வெளியிட்ட வகைப்பாட்டில் தழும்புப் பிதுக்கத்தின் அகலத்துக்கு மூன்று படிகள்: 4 செ.மீ.க்குக் குறைவு, 4 முதல் 10 வரை, 10உம் அதற்கு மேலும். வயிற்றுக்கு வெளியே கிடப்பது மிக அதிகமென்றால் ஒரேயடியாக உள்ளே தள்ளித் தைக்க முடியாது; வயிற்றில் அழுத்தம் ஏறி மூச்சு முட்டும். அதையும் முன்கூட்டியே கணக்கிடுவதற்குத்தான் இந்தப் படம். அறிக்கையில் இந்த இடைவெளி ‘டிஃபெக்ட்’. அதைக் ‘குறைபாடு’ என்று பெயர்த்தால் சத்துக்குறைபாடு மாதிரி ஆகிவிடும். ‘பிதுக்க வாய்’ என்று சொல்லலாம் என்பது என் விருப்பம்; 6 செ.மீ. வாய் என்றால் யாருக்கும் விளங்குமே.

எல்லாருக்கும் இந்தப் படம் வேண்டியதில்லை. சாதாரணக் கவட்டுக் குடலிறக்கத்துக்கு மருத்துவரின் கை போதும், சந்தேகம் வந்தால் மீயொலி ஸ்கேன். பெரிய தழும்புப் பிதுக்கம், தைத்த பின் திரும்ப வந்தது, இவற்றுக்குத்தான் பெரும்பாலும் வெட்டுப்படம்.

இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்: நெரிபட்ட பிதுக்கம். உள்ளே போய்வந்த கட்டி போகாமல் இறுகி, கடும் வலியும் வாந்தியும் சேர்ந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம் என்று பொருள். மூதூரோ நிலாவெளியோ, அடுத்த கிளினிக் நாள்வரை பார்த்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.